மூன்றாம் தரம் கேட்காத வீடு

1

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ரகரம் எங்கே வரும், றகரம் எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தயக்கம்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும்தான். மலரைத் தொகுப்பவர்கள் திருத்திப் போடுங்கள். திருத்தியும் சரிவராத இடத்தை வெட்டிவிடுங்கள், கோபிக்க மாட்டேன்.

எங்கள் ஊர் வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் தம்பி தொலைபேசியில் கேட்டு மாதக் கணக்காகிவிட்டது. “அண்ணை, இவ்வளவு காலம் மொன்றியலில் இருக்கிறியள், எழுத ஒண்டுமே இல்லையோ?” என்றார். பனியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். பனியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னிடம் வேறு கதை ஒன்றும் இல்லை என்றேன். நான் கதை குறைந்த ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்தவர்கள், நான் வாய் பேசாதவன் என்று நினைத்து எனக்குக் கையால் சைகை காட்டினார்கள். நானும் கையாலேயே பதில் சொன்னேன்.

பிறகு இந்த வருடம் என் மகள் ஸ்பெயினுக்குப் போனாள். இப்போது என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

2

எங்கள் வீடு கோட்-டெ-நெய்ஜில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில். பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. நோயாளர்களுக்குப் போகும் தட்டங்களில் சாப்பாடு வைப்பேன், திரும்பி வரும் தட்டங்களைக் கழுவுவேன். மனைவி வசந்தி ஒரு கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறா. எங்களுக்கு ஒரே பிள்ளை, சங்கவி. பதினாறு வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

அவள் என்னைப் போல. ஒவ்வொரு தவணையும் ஆசிரியர்கள் எழுதி அனுப்புவது ஒரே விஷயம்தான்: பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை. வசந்தி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பா. நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

எங்களோடு தமிழ், சிநேகிதிகளோடு பிரெஞ்சு, கைத்தொலைபேசியோடு ஆங்கிலம் என்று அவள் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷும் எடுத்தாள். ஏன் பிள்ளை அது என்று கேட்டேன். “மற்றதிலை எல்லாம் எல்லாரும் என்னை விட நல்லாய்க் கதைப்பினம் அப்பா. ஸ்பானிஷிலை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. அதாலை எனக்கு வெக்கமில்லை” என்றாள். அவள் அவ்வளவு நீளமாக என்னோடு கதைத்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. தெரிந்தெடுத்த பிள்ளைகளை மூன்று மாதத்துக்கு ஸ்பெயினுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டுப் பிள்ளையோடு அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும். சங்கவி விண்ணப்பித்தது எங்களுக்குத் தெரியும். கிடைக்காது என்று நினைத்துப் பேசாமல் இருந்தோம். ஒருநாள் பின்னேரம் குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“எடுத்திட்டினம்” என்றாள்.

“ஆரை?” என்றா வசந்தி.

“என்னை.”

3

வசந்தியின் தமையன் சிவம் பியர்பொன்ட்ஸில் இருக்கிறார். சொந்த வீடு, வாசலில் இரண்டு கார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வருவார். நல்ல மனிதர், எந்த உதவிக்கும் ஓடி வருவார், ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

“பொம்பிளைப் பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டிலை கொண்டுபோய் விடப் போறீரோ?” என்று என்னைக் கேட்டார்.

“பள்ளிக்கூடம் வீட்டைப் போய்ப் பாத்துத்தான் விடுகினம் மச்சான்.”

“அதை விடும். இவள் எங்கடை வீட்டிலையே வாய் திறந்து தண்ணி கேட்க மாட்டாள். மாமா வீட்டிலை. அங்கை போய் மூண்டு மாதமோ? மூண்டு கிழமை தாங்கினால் பெரிய காரியம். அதுக்குள்ளை அழுதுகொண்டு வந்து இறங்குவாள், கூட்டிவர நான்தான் கார் கொண்டு போக வேண்டி வரும்.”

சங்கவி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“அப்பா, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?”

“இல்லை.”

“என்னத்தைப் பாத்து இல்லை எண்டுறீங்கள்?”

எனக்குப் பதில் வரவில்லை. அவளிடம் தைரியத்துக்கு ஒரு அத்தாட்சியும் அதுவரை நான் கண்டதில்லை. கண்டதெல்லாம் என் முகத்தையும் என் மௌனத்தையும்தான். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் இடையில் திரும்பி வந்தால், மாமா சொன்னதுதான் சரி என்று ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருப்பாள். பிறகு எதற்கும் கை உயர்த்த மாட்டாள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சம்மதப் பத்திரத்தில் சத்தியம் வாங்கும் உத்தியோகத்தர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். மெத்ரோ எடுத்துப் போய், வரிசையில் நின்று, தமிழில் கையெழுத்து வைத்தேன். உத்தியோகத்தராக இருந்த பெண் தாளை ஒருபக்கம் திருப்பிப் பார்த்தா, மறுபக்கமும் திருப்பிப் பார்த்தா. “இதுதானா உங்கள் கையெழுத்து?” என்றா. ஓம் என்றேன். “அழகாக இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் மேலே?” என்று கேட்டா. காட்டிக் கொடுத்தேன்.

பெட்டி கட்டும் நாளில் வசந்தி மிளகாய்த்தூள் வைக்க, சங்கவி எடுத்து வெளியே வைக்க, வசந்தி திரும்ப உள்ளே வைக்க, அப்படியே பின்னேரம் போனது. தகப்பன் என்று நானும் ஏதாவது சொல்ல வேண்டாமா. “பிறத்தியார் வீடு பிள்ளை. சாப்பிடச் சொல்லிக் கேட்டவுடனை கையை நீட்டக் கூடாது. முதல் வேண்டாம் எண்டு சொல்ல வேணும். பெரிய ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது” என்றேன்.

“ஓம் அப்பா” என்றாள்.

சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அதுதான் வினையாய்ப் போனது.

4

அந்த வீட்டுக்காரியின் பெயர் பிலார். புருசன் தூர இடங்களுக்கு லொறி ஓட்டுபவர், வீட்டில் இருப்பது குறைவு. பிலார் ஒரு மருந்துக் கடையில் வேலை. மகள் லூசியாவுக்கும் சங்கவியின் வயதுதான். படங்களில் பார்த்தால் பிலார் எப்போதும் சிரித்தபடி இருந்தா. சங்கவி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாங்கள் தினமும் அவளுக்குப் போன் எடுத்தோம்.

“சாப்பிட்டனீயோ?”

“ஓம்.”

“என்ன சாப்பிட்டனீ?”

“பாண்.”

ஐரோப்பாவில் பாண்தான் சாப்பிடுவார்கள் என்று நாங்களும் திருப்திப்பட்டோம்.

மூன்றாம் கிழமை, நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வசந்தியின் போன் அடித்தது. திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியை, மதாம் ஷந்தால். வசந்திக்கு என்னை விடப் பிரெஞ்சு நன்றாக வரும். “உய், மதாம். உய்” என்று ஓம் போட்டுக் கேட்டுக்கொண்டே போய், சப்பாத்து வைக்கும் தட்டின் மேல் அப்படியே இருந்துவிட்டா.

விஷயம் இதுதான். சங்கவி சாப்பிடுவதில்லையாம். உடற்பயிற்சி வகுப்பில் தலைசுற்றி இருந்துவிட்டாளாம். வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். பிலாரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது தேவை என்றால் குசினி வாசலில் வந்து நிற்பாளாம், பிலார் தற்செயலாகத் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாளாம். இந்தப் பிள்ளைக்கு தன்னையும் தன் வீட்டையும் பிடிக்கவில்லை என்று சொல்லி பிலார் அழுதிருக்கிறா. சனிக்கிழமை எல்லோரும் வீடியோவில் கதைப்போம், அதற்குப் பிறகும் ஒரு வழி தெரியாவிட்டால் பிள்ளையை அடுத்த கிழமை விமானம் ஏற்றிவிடுவதுதான் அவளுக்கு நல்லது என்றா மதாம் ஷந்தால்.

வசந்தி தமையனுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டா. பழக்கதோஷம்.

“நான் என்ன சொன்னனான்?” என்ற குரல் போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. “நாள் கணக்குக்கூடப் பிழைக்கேல்லை. சனிக்கிழமை நானும் வாறன்.”

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சங்கவிக்கு எடுத்தேன்.

“ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?”

“ஒண்டுமில்லை அப்பா.”

“சாப்பாடு சரியில்லையோ?”

“நல்ல வாசம் வரும் அப்பா.”

“பிறகென்ன?”

“அவ வேணுமோ எண்டு கேப்பா. நான் வேண்டாம் எண்டுவன்.”

“பிறகு?”

“பிறகு அவ தட்டை லூசியாவிட்டைக் குடுத்திடுவா.”

“திரும்பக் கேக்கிறேல்லையோ?”

“இல்லை. ஒரு தரம்தான் கேக்கிறா. நானும் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

“அப்ப நாளைக்குக் கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லு.”

“இப்ப எப்பிடி? இவ்வளவு நாளும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு? அவ என்ன நினைப்பா? பொய்க்காரி எண்டெல்லோ நினைப்பா. எனக்கு அதை ஸ்பானிஷிலை விளங்கப்படுத்தத் தெரியேல்லை. தமிழிலையே தெரியேல்லை.”

“பசிக்குதோ?”

அழுதாள்.

“வீட்டை வரப்போறியோ?”

“இல்லை.” அழுகையை நிறுத்திவிட்டுத்தான் அதைச் சொன்னாள். “வரமாட்டன் அப்பா. நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கோ.”

அந்த “இல்லை”யை நான் அதற்கு முதல் அவளிடம் கேட்டதில்லை. மாமா போன பிறகு அவள் கேட்ட கேள்விக்கு இப்போது என்றால் எனக்குப் பதில் இருந்தது.

5

வசந்தி மதாம் ஷந்தாலுக்குத் திரும்ப எடுத்து, இன்னொரு தரம் கேட்கச் சொல்ல முடியாதா என்று விசாரித்தா. அப்போதுதான் மற்றப் பக்கம் வெளியே வந்தது. பிள்ளைகளை வற்புறுத்திச் சாப்பிட வைக்கக் கூடாது என்பது திட்டத்தின் கண்டிப்பான விதியாம். ஒவ்வாமை இருக்கலாம், சமயம் இருக்கலாம், ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று எல்லா வீட்டுக்காரருக்கும் வகுப்பு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். பிலாரும் சொன்ன சொல் கேட்கிறவ. ஆக, அந்த மேசையில் இரண்டு பேர் மரியாதை காத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் இப்பதான் சாப்பிட்டனாங்கள் என்போம். மூன்றாம் தரம் கை தானாகப் போகும். கேட்கிறவருக்கும் அது தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். நான் இதைச் சின்ன வயதில் வெறும் நடிப்பு என்று நினைத்திருந்தேன். இடம்பெயர்ந்து ஒரே வீட்டில் பல குடும்பங்களாக இருந்த காலத்தில்தான் காரணம் விளங்கியது. உலையில் இருப்பது தங்களுக்கே காணாது என்று தெரிந்தும் அந்த வீட்டுக்காரி எங்களைச் சாப்பிடக் கேட்பா. முதல் தரம் நாங்கள் வேண்டாம் என்றால், இல்லாத வீடு அதோடு விட்டுவிடலாம், மானம் போகாது. இருக்கிற வீடு திரும்பக் கேட்கும். அப்படி ஒரு கதவைத் திறந்து வைப்பதுதான் அந்த வேண்டாம். அதைத்தான் என்ன ஏது என்று சொல்லாமல் மகளின் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தேன்.

வேலையில் என்னோடு தட்டம் கழுவுகிற ரோசா சல்வடோர் நாட்டுக்காரி. என்னை விட மூத்தவ. ஸ்பானிஷ் அவவின் தாய்மொழி. எங்கள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சு நொண்டி என்பதால், அவ எனக்கு ஸ்பானிஷ் எண்களும் சாமான்களின் பெயர்களும் பழக்கியிருந்தா. வெள்ளிக்கிழமை அவவிடம் நடந்ததைச் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு அவ தண்ணீர்க் குழாயை மூடிவிட்டா.

“கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? என் வீட்டில் என்றால் கேட்கவே மாட்டேன். தட்டில் போட்டுவிட்டு, முடியும் வரைக்கும் பக்கத்தில் நிற்பேன்” என்றா.

“அது அவர்களுக்கு விதி, ரோசா.”

“சரி. என்ன சொல்ல வேண்டும், சொல்லு.”

என் மகளுக்கு வெட்கம், அவளுக்குப் பசிக்கிறது, உங்கள் சாப்பாடு பிடித்திருக்கிறது. இதை அவ ஸ்பானிஷில் சொல்ல, நான் திரும்பச் சொல்ல, வேலை முடியும் வரைக்கும் அப்படியே போனது. பஸ்ஸில் வரும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

6

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. அங்கே இரவு பத்து, அவர்கள் சாப்பிடுகிற நேரம். வசந்தியின் போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தோம். திரையில் ஒரு கட்டத்தில் மதாம் ஷந்தால். மற்றதில் பிலாரும் லூசியாவும், ஓரத்தில் எங்கள் பிள்ளை. கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள்.

வசந்தி பிரெஞ்சில் சொன்னா. எங்கள் வழக்கத்தில் முதலில் மறுப்பது மரியாதை, பிள்ளை மரியாதையாகத்தான் நடந்தாள் என்று. மதாம் ஷந்தால் அதை ஸ்பானிஷில் பிலாருக்குச் சொன்னா. பிலார் தலையை ஆட்டிவிட்டு எதையோ வேகமாகச் சொன்னா. அது திரும்பப் பிரெஞ்சுக்கு வந்தது.

“அவர் சொல்கிறார், பசித்த பிள்ளை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? நீங்கள் நல்லவர்கள், என் மனம் நோகக் கூடாது என்று ஒரு காரணம் சொல்கிறீர்கள். எனக்கு உண்மையைச் சொல்லுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்.”

வசந்தி என்னைப் பார்த்தா. “நீங்கள்தானே பழக்கினது. நீங்களே சொல்லுங்கோ.”

நான் எழும்பி நின்றேன். எதற்கு எழும்பினேன் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல எழும்புவதுபோல. “மி இஹா” என்றேன். என் மகள். அதற்குப் பிறகு ரோசா சொல்லித்தந்தது ஒன்றும் வரவில்லை. எல்லா முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் காது இரண்டும் சுட்டது. மூன்று வரியும் எங்கேயோ போய்விட்டன.

அந்த நேரம் பார்த்துச் சிவம் மச்சான் வந்து சேர்ந்தார். தொப்பியில் பனி. போனில் நடப்பதைக் கவனிக்காமல் கதிரையை இழுத்து இருந்தார். வசந்தி, கூட்டத்தின் நடுவிலும், பழக்கத்தில் எழும்பிப் போய்ச் சுட்டு வைத்த வடையைக் கோப்பையோடு கொண்டுவந்தா.

“எடுங்கோ அண்ணை.”

“வேண்டாம் வேண்டாம்” என்றார் மச்சான்.

எனக்குள் என்னவோ பொறிதட்டியது. சீனிப் பேணியில் இருந்த போனை எடுத்து மச்சானின் பக்கம் திருப்பினேன். ஒரு விரலைக் காட்டினேன். “ஊனோ” என்றேன். ரோசா பழக்கிய எண்கள் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

வசந்திக்கு உடனே பிடிபட்டுவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கோப்பையை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனா.

“சூடாய்க் கிடக்கு அண்ணை. எடுங்கோ.”

“சீச்சீ, வேண்டாம் எண்டுறன். வீட்டிலை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான்.”

“தோஸ்” என்றேன், இரண்டு விரல் காட்டி.

“எனக்காக ஒண்டு.”

மச்சான் பெருமூச்சு விட்டார். “சரி. நீ கஷ்டப்பட்டுச் சுட்டதுக்காக” என்று ஒன்றை எடுத்தார். அது போன பிறகு இன்னொன்று. பிறகு வசந்தியின் கையில் இருந்த கோப்பையை வாங்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“த்ரேஸ்” என்றேன்.

போனுக்குள் லூசியா வெடித்துச் சிரித்தாள். அடுத்து மதாம் ஷந்தால். சங்கவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

“ஆரது? ஏன் காணும் என்னைப் படம் பிடிக்கிறீர்?” என்றார் மச்சான், வாய் நிறைய வடையோடு.

நான் போனை என் பக்கம் திருப்பினேன். இப்போது வார்த்தைகள் வந்தன. ரோசாவின் வரிகளாக வரவில்லை, உடைந்து உடைந்து வந்தன. பிரெஞ்சும் ஸ்பானிஷும் கலந்து சொன்னேன். அவருக்குப் பசி. ஆனால் வேண்டாம் என்றார். என் மகளுக்கும் பசி. பழக்கியது நான். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வெட்கம் என்பதற்கு ரோசா சொல்லித்தந்த சொல் கடைசியாக வந்து சேர்ந்தது. “மி இஹா, வெர்குவென்ஸா” என்றேன். “யோ தம்பியென்.” என் மகளுக்கு வெட்கம். எனக்கும்தான்.

பிலார் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு சங்கவியைத் திரும்பிப் பார்த்தா, இவ்வளவு நாளும் பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பதுபோல. எழும்பிப் போனா. தட்டுச் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கு போட்ட முட்டைப் பொரியல், கையகலத் தடிப்பில், அவர்கள் ஊரில் செய்கிற மாதிரி. அதைச் சங்கவியின் முன்னால் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தரம் கேட்டா.

சங்கவி கையை முகத்தில் இருந்து எடுத்தாள்.

“ஸீ” என்றாள். ஓம்.

அவள் சாப்பிட்டாள். ஒரு பிள்ளை சாப்பிடுவதை மூன்று வீடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. தட்டு வெறுமையானதும் பிலார் இன்னும் வேணுமோ என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கும் “ஸீ” என்றாள். அதற்கு அடுத்ததற்கும்.

மச்சான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “விட்டால் சட்டியையும் சாப்பிடுவாள் போலை கிடக்கு” என்றார். பிறகு மூக்கைச் சிந்தினார். குளிரால் வந்தது என்றார்.

வசந்தி அழுதுகொண்டே சிரித்தா. மதாம் ஷந்தால், விமானச் சீட்டைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை என்று சொல்லி எங்களுக்கு வாழ்த்துச் சொன்னா. நான் கதிரையில் இருந்தேன். அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ரோசாவிடம் சொன்னபோது, தான் பழக்கிய வரிகள் எப்படிப் போயின என்றுதான் முதலில் கேட்டா. நன்றாகப் போயின என்றேன். பெருமைப்பட்டு மற்றவர்களுக்கும் சொன்னா. அன்றைக்குச் சமையலறையில் எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தட்டம் கழுவினேன்.

7

அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிக் கதைகள் சுருங்கிப் போயின. சாப்பிட்டனீயோ என்று கேட்க முதலே, “அப்பா, வெளியிலை நிக்கிறன், பேந்து எடுக்கிறன்” என்பாள். பேந்து எடுக்க மாட்டாள். ஒருநாள் ஓம் அப்பா என்பதற்குப் பதிலாக “ஸீ அப்பா” என்றுவிட்டு அதை அவள் கவனிக்கவும் இல்லை. வசந்திக்கு அது கொஞ்சம் மனவருத்தம். பிள்ளை எங்களை விட்டுத் தூரப் போகிறாளோ என்றா. எனக்கு அது சந்தோசம், அன்றைக்கு பஸ் எடுக்காமல் வேலைக்கு நடந்தே போனேன்.

பிலாரை எப்படிக் கூப்பிடுவது என்பதை அவளே தீர்த்துக்கொண்டாள். பெயர் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்கள் அம்மாவின் சிநேகிதிகளைக் கூப்பிடுவதுபோல “அன்ரி” என்று கூப்பிடத் தொடங்கினாள். லூசியாவின் சிநேகிதிகள் அதைக் கேட்டு, அது கனடாவில் ஏதோ பெரிய மரியாதைப் பட்டம் என்று நினைத்துவிட்டார்கள். இப்போது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகள் எல்லாம் மருந்துக் கடைக்குள் வந்து “அன்ரி” என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பிலாருக்கு நல்ல புளுகமாம், வாயெல்லாம் சிரிப்பாம்.

மூன்று மாதமும் முடிந்து அவள் வந்து இறங்கிய நாளில் மொன்றியலில் பனி போய், மரங்களில் குருத்து விட்டிருந்தது. சிவம் மச்சான் கேளாமலே கார் கொண்டு வந்தார். விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் போட்டார்கள். ஸ்பெயினில் இருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சங்கவியோடு போன மற்றப் பிள்ளைகளும் வந்து, தாய் தகப்பனைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் பிள்ளையைக் காணவில்லை.

“உள்ளுக்கை மறிச்சுப் போட்டாங்களோ?” என்றார் மச்சான். “மிளகாய்த்தூளைத் திருப்பிக் கொண்டு வந்தவளோ?”

“சும்மா இருங்கோ அண்ணை” என்றா வசந்தி.

தானாகத் திறக்கிற கதவு அது. ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் உள்ளே ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. உத்தியோகத்தரோடு பிரெஞ்சில் வாதாடுகிற குரல். கதவு மூடும், திறக்கும், அதே குரல் இப்போது ஸ்பானிஷில் வேறு யாருக்கோ ஆறுதல் சொல்லும். யார் பெற்ற பிள்ளையோ, நல்ல துணிச்சல்காரி என்று நினைத்தேன்.

“உது சங்கவியெல்லோ” என்றா வசந்தி.

கதவு திறந்தது. ஒரு வயதான ஸ்பானிஷ்க்கார மனிசியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மகள் வந்தாள். அந்த மனிசியின் பெட்டி வேறு விமானத்தில் போய்விட்டதாம். அவவுக்குப் பிரெஞ்சு தெரியாது, உத்தியோகத்தருக்கு ஸ்பானிஷ் தெரியாது. இவள் நடுவில் நின்று, பெட்டி எங்கே இருக்கிறது, எப்போது வீட்டுக்கு வரும் என்று எழுத்தில் வாங்கும் வரைக்கும் அசையவில்லையாம். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தி, “அப்பா, ஒரு நிமிசம்” என்றாள். அந்த மனிசியை அழைத்துப்போக வந்த மகனைத் தேடிப் பிடித்து, தாளைக் கொடுத்து, எந்த எண்ணுக்கு எடுக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தி, அந்த மனிசியிடம் இரண்டு கன்னத்திலும் முத்தம் வாங்கிக்கொண்டுதான் எங்களிடம் வந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

வசந்தி அவளைக் கட்டிப்பிடித்தா. நான் பெட்டியைப் பிடித்தேன்.

மச்சான் தொண்டையைச் செருமினார். “பிள்ளை, எங்கடை மகள் மயூரியும் அடுத்த வருசம் உந்த வகுப்புக்குத்தான் வாறாள். உந்தத் திட்டத்துக்கு எப்ப எழுதிப் போட வேணும்?”

“எழுதிப் போடுறது லேசு மாமா. நேர்முகத்திலை கதைக்க வேணும். அனுப்புங்கோ, நான் பழக்கி விடுறன்” என்றாள் சங்கவி. சொல்லிவிட்டுக் காரின் முன் இருக்கையில் ஏறி இருந்தாள். வழக்கமாக அது என் இடம்.

நெடுஞ்சாலையில் வாகன நெரிசல். கார் ஊர்ந்தது. அவள் கதைத்தாள். லூசியாவைப் பற்றி, கணக்கு வாத்தியாரைப் பற்றி, லொறியில் இருந்து ஒருநாள் வந்த பிலாரின் புருசன் பாடிய பாட்டைப் பற்றி, அங்கே பெரிய வகுப்பு முன்னால் எழும்பி நின்று மொன்றியலைப் பற்றி ஸ்பானிஷில் பேசியதைப் பற்றி. தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் போய் ஸ்பானிஷில் விழுந்து திரும்பத் தமிழுக்கு வந்தாள். மச்சான் இடையில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். “பொறுங்கோ மாமா, முடிக்கேல்லை” என்றாள். மச்சானும் பொறுத்தார்.

நான் பின் இருக்கையில் இருந்து அவள் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படி இருந்தது பிள்ளை என்று கேட்க வேண்டும் என்று வீட்டில் இருந்தே நினைத்து வந்திருந்தேன். கோட்-டெ-நெய்ஜ் வந்து, காரை நிறுத்தி, மூன்று மாடியும் ஏறி, வீட்டுக் கதவைத் திறக்கும் வரைக்கும் அதைக் கேட்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் கிடைக்கவில்லை. பக்கத்து அறையில் மயூரியை இருத்தி வைத்துக் கதைத்துக்கொண்டிருக்கிறாள்.

மொன்றியல்,
2024 யூலை 14, ஞாயிற்றுக்கிழமை.